எதிர்காற்றில் முன்னால் போனவன்

டில்லர்ட் ஊருக்குள் நுழைந்தபோதே எனக்குக் குமட்டியது. அதற்குக் காரணம் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. என் புருஷன் வெர்ன்தான்.

நான்கு நாளாக ஒரே டவுசர். தாடியில் வேர்க்கடலை வெண்ணெய். சைக்கிளில் போகும்போதே ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு மறு பக்கத்தைச் சிந்துவான். பின்னால் வருகிற எனக்குச் சாரல் அடிக்கும். என்னைக் கேட்டால் சைக்கிள் பயணம் என்பது ஊர் ஊராகப் போய் நாறுவது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக் குட்டி ஊர்களில் எங்களைப் போன்றவர்கள் பூங்காப் புல்லிலேயே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். அடித்தோம், தூங்கினோம். காலையில் அங்கிருந்த ஒரே சாப்பாட்டுக் கடைக்குப் போனால், பரிமாறுகிற பெண் எங்களைப் பார்த்ததுமே கையை நீட்டிக் கடைசி மேசையைக் காட்டினாள்.

"அந்த ஜன்னலத் திறந்து வச்சுட்டு உக்காருங்க. மத்தவங்களும் சாப்பிடணும்ல."

"நான் இன்னைக்குக் காலையில குளிச்சேங்க," என்றான் வெர்ன்.

"எதுல? கழுநீர்லயா?"

கடையே சிரித்தது. வெர்னும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! பிப்ரவரியில் அவன் இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "மெதுவா ஓட்டினா ஓரிகன் கடற்கரை வரைக்கும்கூடப் போகலாம். மூச்சு வாங்க ஓட்டினா ஆள் தங்க மாட்டார்" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த ஒரு பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் நானும் சைக்கிள் ஏறினேன்.

டில்லர்டைத் தாண்டினால் மரம் கிடையாது, வீடு கிடையாது. சாம்பல் நிறப் புதர், கம்பி வேலி, தார் ரோடு. மேற்கே இருந்து காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

எதிர்காற்றில் ஓட்டுவதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்க வேண்டும். மற்றவர் அவர் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பின்னால் வருகிறவருக்குக் காற்று பாதிதான். முன்னால் இருப்பவர் களைத்ததும் முழங்கையை வெளிப்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டுவார். என் முறை முடிந்தது, நீ முன்னால் வா என்று அர்த்தம். கத்தினால் காதில் விழாது. திரும்பிப் பார்த்தால் சக்கரம் ஆடும். அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெர்ன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மாடு ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போக, அந்த வேகத்தில் நான் ரோட்டோரச் சரளையில் இறங்கி விழுந்தேன். முட்டித் தோல் உரிந்தது. எழுந்து பார்த்தால் வெர்ன் எங்கோ போய்விட்டான். நான் விழுந்ததே அவனுக்குத் தெரியாது. சைக்கிளை நிமிர்த்தி ஏறி மிதித்தேன்.

தூரத்தில் அவன் முழங்கை ஆடியது.

நான் பின்னால் இருக்கிறேன் என்று நினைத்து ஆட்டினான், பாவி.

அவன் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் விலகி, மெல்ல முன்னால் போனது.

அந்த ரோட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. கிளை ரோடும் இல்லை. ஆனாலும் முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. யாரோ ஒரு நல்ல மனிதன், வெர்ன் கொஞ்ச நேரம் ஓய்வாக வருவான் என்று நினைத்தேன்.

பிறகு காற்று ஒரு வாடையைக் கொண்டுவந்தது.

வெயிலில் மூடி வைத்த பால், அழுகின முட்டை, ஈரச் சாக்ஸ். நாக்கில் ஒட்டுகிற வாடை. ஓட்டிக்கொண்டே பக்கவாட்டில் வாந்தி எடுத்தேன். தலையைத் தூக்கினால் இரண்டு பேரும் இன்னும் தூரம் போயிருந்தார்கள். அந்தக் காற்றில் மனிதன் போகிற வேகமே இல்லை அது. வெர்னின் இதயம்தான் என் கண்ணில் நின்றது. மிதித்தேன். முட்டியிலிருந்து ரத்தம் ஷூவுக்குள் இறங்க இறங்க மிதித்தேன்.

கிட்டே போனதும், முன்னால் போவதன் முதுகு தெரிந்தது.

சட்டை மஞ்சளாக நனைந்து ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் என்னவோ நெளிந்தது. கெண்டைக்கால் சதை எலும்பை விட்டுக் கழன்று, ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழும் வழுக்கியது. சீட்டிலிருந்து கூழ் மாதிரி சொட்டியது. சொட்டியதெல்லாம் காற்றில் பறந்து வெர்ன் முகத்தில் அப்பியது.

வெர்ன் உதட்டை நக்கிக்கொண்டான்.

சீ! முப்பத்தொரு வருடம் கூடப் படுத்த மனிதன், அதை நக்கித் தின்கிறான்.

"யோவ் வெர்ன்! விலகுய்யா! வெளிய வா!"

"ஆர்லீன்..." குரல் குழைந்தது. "இங்க காத்தே இல்ல. எவ்ளோ சுகமா இருக்கு தெரியுமா?"

"அது என்னன்னு பாருய்யா!"

"சும்மா இரு தாயே. நல்லா இழுக்கிறான்."

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு தவளைத் தொண்டை போல அடித்துக்கொண்டது. அவன் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் விழுவோம், அந்த விழுகையை அவன் இதயம் தாங்காது. எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

முன்னால் போவது.

இடது பக்கம் ஒதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கடைக்கண்ணில் பட்டுவிட்டது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தைக் கறுத்த விரல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அது சிந்தியது. என் கன்னத்தில் சூடாக வந்து விழுந்தது.

துடைக்கவில்லை. கையை எடுத்தால் முழங்கை ஆடும். என் முறை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அது மறுபடி முன்னால் போய்விடும்.

முன்னால் போனேன். காற்று முழுக்க என் மேல் விழுந்தது. பிறகு வேகத்தைக் குறைத்தேன். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பின்னால் இருப்பது குறைத்துத்தான் ஆக வேண்டும்.

பிடரியில் ஈரமான மூச்சு.

கன்னத்தில் விழுந்தது மெதுவாக வாய்ப்பக்கம் இறங்கியது.

உதட்டை இறுக மூடிக்கொண்டேன்.

தோள் எரிந்தது, கை மரத்தது. முழங்கை தானாகவே துடித்தது. விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரோடு போடுகிற இடம் ஒன்று வந்தது. ஆரஞ்சு உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நின்றேன்.

"ஐயே, எதைம்மா மிதிச்சிட்டு வந்தீங்க? செத்த மாடா?" என்று மூக்கைப் பொத்தினாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அய்யோ, அவருக்கு என்னாச்சு?"

வெர்ன் ரோட்டில் விழுந்து கிடந்தான். முகமெல்லாம் மஞ்சள் பிசின். அவனைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

ரோடு போடுகிறவர்கள் பிக்கப் வண்டியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதால் உயிர் மிஞ்சியது. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள் டாக்டர்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"பரவால்ல வெர்ன். என் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்து சேந்துட்டல்ல, அது போதும்."

அவன் புரியாமல் விழித்தான். "உன் பின்னாடியா? நான் எங்க உன் பின்னாடி வந்தேன்? உன் பின்னாடி அவன்தான வந்தான். நான் அவன் பின்னாடி வந்தேன்."

சொல்லிவிட்டு உதட்டை ஒரு தடவை நக்கிக்கொண்டான்.

பயணம் அதோடு முடிந்தது. எங்கள் ஊர் ஓஹாயோவுக்குத் திரும்பினோம், சைக்கிள்களை விற்றோம். வீட்டையும் அவனையும் பினாயில் தெளிக்காத குறையாகக் கழுவினேன். அவனும் தேறி வந்தான்.

நேற்றுச் சாயங்காலம் பெருங்காற்று. கொடியில் துணி பிய்த்துக்கொண்டு போனது. மேப்பிள் மரம் பேயாட்டம் ஆடியது. கொல்லையில் வெர்ன் மேற்கே பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வரச் சொல்லப் போனேன்.

அவன் தலைமயிர் அசையவில்லை. மடியில் விரித்திருந்த செய்தித்தாளும் அசையவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு. உதடு நீலம்.

"உள்ள வாய்யா."

"இரு கண்ணு. இங்க காத்தே இல்ல."

எனக்கு வேறு என்ன தெரியும்? இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து, அவனுக்கு முன்னால் நன்றாகத் தள்ளிப் போட்டு, மேற்கே பார்த்து உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. பின்னால் வெர்னின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. அவன் மூச்சு தூரத்திலிருந்துதான் கேட்டது.

என் பிடரியில் பட்ட மூச்சு ஈரமாக இருந்தது. முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டேன்.