ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியாது

விரிப்பை மாற்றலாம் என்று உருவியபோதுதான் அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. மெத்தையின் நட்டநடுவில், அவன் படுக்கும் பக்கத்துக்கும் மனைவி படுக்கும் பக்கத்துக்கும் இடையில், யாரோ உள்ளங்கையை ஊன்றி இப்போதுதான் எடுத்தது போல ஓர் அமுக்கம். விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தன. மனைவி எழுந்து குளிக்கப் போய் வெகுநேரமாகியிருந்தது. அவனும் பல் துலக்கி, சட்டையை மாட்டி, காணாமல் போன சாவிக்காக வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டுத்தான் அறைக்குத் திரும்பியிருந்தான். இந்த வகை நுரைமெத்தையில் எதை வைத்து அழுத்தினாலும், எடுத்த மறுகணம் மெல்ல மேலெழும்பி, ஒன்றுமே நடக்காதது போலச் சமமாகிவிடும். அதைச் செய்துகாட்டித்தான் அவன் வயிற்றைக் கழுவுகிறான்.

அவன் கையை வைத்து அந்தப் பள்ளத்தைத் தேய்த்தான். தேய்த்த பிறகுதான், இதே இடத்தில் இதே கையால் முன்பும் ஒருநாள் தேய்த்தது நினைவுக்கு வந்தது. அவசர அவசரமாகப் புது விரிப்பைப் போட்டு மூடிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினான்.

கடையில் அவனுக்குத் தாலாட்டு என்று பெயர். மெத்தை வாங்க வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொல்வான். இடுப்புக்கு அடியில் கையை நுழைத்துப் பார்ப்பான். கை தாராளமாகப் போய்வந்தால் அவர்களுக்கு அந்த மெத்தை ரொம்பக் கெட்டி, கையே நுழையாவிட்டால் ரொம்ப மெது. பிறகு குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பான். பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். சிலர் அங்கேயே குறட்டை விட்டு, கூட வந்தவர்களின் மானத்தை வாங்கியதும் உண்டு. புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்களுக்கு அவனிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது: "ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியாதுங்க. அப்படி ஒரு மெத்தை இது."

அந்த வாசகத்தை நம்பித்தான் அவன் அக்காவுக்கும் மெத்தை தேர்ந்தெடுத்தான்.

அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் அக்காதான். அவள் முதுகில் தட்டிக்கொடுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இரண்டு மெதுவாக, ஒன்று அழுத்தமாக. அதுதான் அவள் தாளம். போன வருடம் பக்கவாதம் வந்து அவளுடைய இடது பக்கமும் பேச்சும் போய்விட, தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டான். எதுவும் வேண்டுமென்றால் வலது கையால் படுக்கையைத் தட்டுவாள். மருத்துவமனையில் சொல்லி வாங்கிய காற்றுப் படுக்கை அது. தட்டினால் டப் டப் என்று அடுத்த அறைவரை கேட்கும். தண்ணீர் வேண்டுமா, புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடுவான். சில ராத்திரி அவளுக்கு ஒன்றுமே வேண்டியிருக்காது. தம்பி முகத்தைப் பார்த்ததும் கையைத் தளர்த்திக் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் அவனுக்கு அழுகை வந்தது. போகப் போக எரிச்சல் வந்தது.

கடையிலிருந்த மெத்தைகளிலேயே மிக மெதுவானதை, மிகத் தடிமனானதை, சத்தத்தை விழுங்கிவிடுவதை அவன் தேர்ந்தெடுத்தான். தெரியாமல் செய்ததல்ல. தானாகப் புரள முடியாதவர்களை இதில் படுக்கவைக்கக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுப்பவனே அவன்தான். இரட்டைக் கட்டிலில் அதைப் போட்டு, விழுந்துவிடாமல் இருக்கட்டும் என்று அக்காவை நட்டநடுவில் கிடத்தினான். கட்டில் சட்டம் எந்தப் பக்கமும் அவள் கைக்கு எட்டவில்லை. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் உச்சிமேல் வைத்துப் புகழ்ந்தார்கள். வந்து பார்த்துப் போகும் நர்ஸம்மா மட்டும் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

"ரொம்ப மெதுவா இருக்கே. அவங்க தட்டுனா உங்களுக்குக் கேக்குமா?"

"நல்லாக் கேக்குங்க" என்றான்.

அன்றிலிருந்து அவன் நன்றாகத் தூங்கினான். நடுவில் விழிப்பு வந்தால்கூட, எந்தச் சத்தமும் இல்லாததை ரசித்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவான். ஒரு குளிர்காலக் காலையில் காபியோடு உள்ளே போனபோது அக்கா போய்விட்டிருந்தாள். குளிரில் அந்த நுரை இறுகிப்போய்ச் சோம்பலாகத்தான் எழும்பும். அவளுடைய வலது கையைச் சுற்றிலும், ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளங்கைப் பள்ளங்கள் எழும்பாமல் கிடந்தன. ராத்திரி முழுக்கத் தட்டியிருக்கிறாள். மனைவி வருவதற்குள் அவன் அத்தனையையும் தேய்த்துச் சமமாக்கினான். பிறகுதான் வாய்விட்டு அழுதான். தூக்கத்திலேயே போன புண்ணியவதி என்று வந்தவர்கள் சொன்னபோது தலையாட்டினான்.

கோடை வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். "இவ்வளவு நல்ல மெத்தையைச் சும்மா போட்டு வெச்சிருக்கோம். எனக்கு இடுப்பு விட்டுப்போகுது. அண்ணி இருந்திருந்தா அவங்களே எடுத்துக்கச் சொல்லியிருப்பாங்க." வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்வதைவிட அந்த மெத்தையில் படுத்துவிடலாம் என்று நினைத்தான். நேற்றுத்தான் அது அவர்களுடைய அறைக்கு வந்தது.

அன்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. கண்ணாடிக்கு வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே புது நுரையின் மருந்து வாசனையும், குளிர்சாதனத்தின் உறுமலும். தொப்பை வைத்த ஒருவர் காட்சிக்கு வைத்திருந்த மெத்தையில் மல்லாந்திருந்தார். தாலாட்டு அவர் இடுப்புக்கடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, தள்ளி நின்று, வெட்டிவைத்த நுரைத்துண்டு ஒன்றை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தான். அவர் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"போதும் சார். இப்படியே தட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா நிஜமாவே தூங்கிடுவேன்."

"என்னங்க?"

"முதுகுல தட்டுறீங்களே, அதான். எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

தாலாட்டு தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் நுரைத்துண்டைப் பிடித்தபடிதான் இருந்தன. அவர் எழுந்து உட்கார்ந்து, எப்படி என்று தொடையில் தட்டிக் காட்டினார். இரண்டு மெதுவாக. ஒன்று அழுத்தமாக.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். சொல்லிவிட்டால் மெத்தையைத் தூக்கி எறிந்துவிடலாம், நெஞ்சிலிருக்கும் பாரமும் இறங்கும்.

"அக்கா விஷயத்துல..." என்று ஆரம்பித்தான்.

மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். அதையே நெனச்சு உருகாதீங்க. உங்களை மாதிரி யாரு பாத்துக்குவாங்க? கடைசி வரைக்கும் அவங்களை ராணி மாதிரிதானே வெச்சிருந்தீங்க."

அவன் தலையாட்டினான். வெட்கமாக இருந்தது அவனுக்கு. அந்தப் பேச்சு சுகமாகவும் இருந்ததுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

பாயை எடுத்துக் கீழே விரிக்கப் போனவனை அவள் பார்த்துச் சிரித்தாள். "மெத்தை விக்கிறவரு தரையில படுக்கிறாருன்னு வெளிய சொல்லிடாதீங்க, ஒருத்தனும் கடைப்பக்கம் வரமாட்டான். மேல வாங்க."

போனான். மல்லாந்து படுத்தான். விளக்கணைந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. ஜன்னல் வழியே வந்த தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் கூரையில் தேய்ந்து தேய்ந்து ஓடியது. புது விரிப்பின் சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து, அக்காவின் அறையில் எப்போதும் இருந்த அந்தத் தைல வாசனை மெல்ல மேலே வந்தது. உடம்புச் சூடு பட்டு நுரை இளகியது. தோள் அமுங்கியது, இடுப்பு அமுங்கியது, குதிகால் அமுங்கியது. இதுவரை சரிதான், மெத்தையின் வேலை இதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அமுங்குவது நிற்கவில்லை.

எழுந்துவிடலாம் என்று இடது கையை ஊன்றப் போனான். கை வரவில்லை. இடது காலும் வரவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தான். மூச்சு மட்டும்தான் வெளியே வந்தது.

நுரை காதுவரை ஏறியிருந்தது. மின்விசிறியின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மனைவி அவன் பக்கமாகப் புரண்டு படுத்தாள். அவள் புரண்டது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் தெரிந்தது. முகம் அவ்வளவு பக்கத்தில். வாய் லேசாகத் திறந்து, நிம்மதியாக.

வலது கை மட்டும் மணிக்கட்டுவரை அசைந்தது.

தட்டினான்.

சத்தம் வரவில்லை.

இன்னும் ஓங்கித் தட்டினான். விரிப்பு அமுங்கியது. அவ்வளவுதான். மறுபடி. மறுபடி. அவள் இமைகூட அசையவில்லை. அக்கா, தெரிஞ்சேதான் செஞ்சேன், தெரிஞ்சேதான் செஞ்சேன் என்று உள்ளுக்குள் கதறினான். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது முதுகுக்கு அடியில், மெத்தையின் உள்ளிருந்து, ஓர் உள்ளங்கை அவன்மேல் பட்டது. கோபமில்லாத கை. அவனுக்கு நன்றாகத் தெரிந்த கை.

இரண்டு மெதுவாக.

ஒன்று அழுத்தமாக.

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். மனைவியின் முகத்துக்கும் அவனுக்கும் நடுவில், விரல் ஐந்தும் விரிந்த பள்ளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, எழும்பாமல், நிறைந்துகொண்டே வந்தன.