உடன்பயில்வோர்

மணியடிப்பதற்கு முன்பே பேச்சியம்மாள் வகுப்புக்கு வந்துவிட்டாள். சீருடைப் பாவாடையின் இடுப்பை இந்த வருடமும் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சு அவளுடையது. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

"வீட்டுப்பாடம் எழுதிட்டியா?" என்று பக்கத்தில் இருந்த இளவெயினி கேட்டாள். அவளுக்குப் பதினொன்று.

"பாதிதான் எழுதினேன். நேத்து பூராவும் சூரியத்தகடு வேலை. ஏணியில ஏறி இறங்கி முழங்கால் போச்சு."

"எனக்கும் இடுப்பு வலிக்கு. வெயில் ஏற ஏற ஒண்ணும் ஓடமாட்டேங்கு" என்று இளவெயினி பெருமூச்சு விட்டாள். முன் பெஞ்சில் டெய்லர் அந்தோணி வழுக்கைத் தலையைச் சொறிந்தபடி பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் பிறப்பது அரிதாகிவிட்ட காலம் அது. கற்பிப்பான் இயந்திரத்தின் முன் தனியாக வளர்ந்த குழந்தைகள் பாடமெல்லாம் கற்றார்கள். இன்னொருவரோடு சண்டை போடவோ சமாதானமாகவோ மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அரசு ஒரு விதி செய்தது. வகுப்பென்றால் எட்டுப் பேராவது இருக்க வேண்டும். பிள்ளைகள் போதாத ஊரில் பெரியவர்கள் உடன்பயில்வோராகச் சேரலாம். பள்ளிக்குள் அத்தை, மாமா என்ற பேச்சே கூடாது. மேலக்குறிச்சியில் இருந்தது ஒரே பிள்ளை. மீதி ஏழு இடத்துக்கு ஊரே முண்டியடித்தது.

பேச்சியம்மாளுக்குக் குழந்தை இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இளவெயினியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முதலில் அது ஊர்க் கடமையாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் ரப்பருக்காகச் சண்டை வந்து, வீட்டில் சோறு இறங்காமல் அழுதபோதுதான், தனக்கு ஒரு தோழி இருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

அன்று ஜெபமணி டீச்சர் ஒரு செய்தி சொன்னார். இளவெயினி அனுப்பியிருந்த அறிவியல் செயல்திட்டத்தைப் பார்த்துவிட்டு, மதுரைக் கூட்டுப் பள்ளி அவளுக்கு இடம் தந்திருக்கிறது. அந்த வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் அவள் வயதுப் பிள்ளைகள். ஆனால் அவள் போனால் இந்தப் பள்ளியை மூடிவிடுவார்கள். பிள்ளையில்லாத ஊருக்கு அரசு பஸ்ஸும் வராது. அதனால் ஊர்க்கூட்டம் சம்மதித்தால்தான் அவளை அனுப்ப முடியும்.

மத்தியானம் சாப்பிடும்போது இளவெயினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பேச்சி, என் வயசுப் பிள்ளைய நான் திரையிலதான பாத்திருக்கேன். தொட்டா எப்படி இருக்கும்? அவங்க கையும் என் கை மாதிரி சின்னதா இருக்குமோ?"

பேச்சியம்மாள் டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. அந்தோணிதான் முதலில் எழுந்தார். "பஸ் நின்னு போச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவோம்? பிள்ளைக்கு இங்க என்ன குறை வச்சோம்?"

இளவெயினியின் தாய் கோமதி தரையைப் பார்த்தபடி, "நான் என்னத்தச் சொல்ல. எல்லாருஞ் சேந்துதான வளத்தீங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் பேச்சியம்மாள் எழுந்தாள். நாக்கு வரைக்கும் வந்தும்விட்டது. அவள் சொன்னது வேறு.

"எனக்கும் அவ போகக்கூடாதுன்னுதான் இருக்கு. அவ போயிட்டா காலையில நான் எங்க போவேன்? ஆனா மத்தியானம் எங்கிட்ட ஒண்ணு கேட்டா. மத்த பிள்ளைங்க கையும் என் கை மாதிரி சின்னதா இருக்குமான்னு. நாம ஏழு பேரு இருக்கோம். இதுக்கு நம்மகிட்ட பதில் இல்லியே."

அந்தோணி ஊசி குத்திக் காய்த்துப்போன தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையையே சம்மதமாக உயர்த்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உயர்த்தினார்கள்.

கோமதியும் மகளோடு மதுரைக்குப் போனாள். கொஞ்ச நாளில் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது, பஸ்ஸும் நின்றது. பேச்சியம்மாளுக்குக் காலையில் தானாகவே விழிப்பு வந்துவிடும். எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒரு பகல் வேளையில் அவள் வீட்டுச் சுவர்த்திரையில் இளவெயினி தோன்றினாள். முகம் வியர்த்திருந்தது, முட்டியில் சிராய்ப்பு.

"நான் கிழவி மாதிரி பேசுதேனாம். எல்லாரும் சிரிக்காங்க."

"நீ என்ன செஞ்ச?"

"சண்டை போட்டேன். அப்புறம் சரியாயிட்டு." அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். "ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தேன், பேச்சி. அங்க எப்பவும் நான்தான முதல்ல வருவேன். நீங்கல்லாம் வேணும்னே தோத்தீங்களா?"

பேச்சியம்மாள் பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "ஆமா."

இளவெயினியின் கண் நிறைந்தது. "இங்க எனக்காக யாரும் தோக்க மாட்டாங்க."

"மாட்டாங்கதான்" என்றாள் பேச்சியம்மாள். "அதுக்குத்தான உன்னை அனுப்பினோம்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "ஏ வெயினி, ஆட்டைக்கு வாரியா இல்லியா?" என்று கூப்பிட்டது. இளவெயினி திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. திரையை அணைக்கக்கூட நினைவில்லாமல் ஓடிவிட்டாள்.

திரையில் ஒரு மதில் மட்டும் தெரிந்தது. ஆனால் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் கத்துகிற சத்தம், சிரிக்கிற சத்தம், யாரோ யாரைப் பற்றியோ கோள் சொல்லுகிற சத்தம். இத்தனை குழந்தைகளின் குரலைப் பேச்சியம்மாள் ஒன்றாகக் கேட்டதே இல்லை.

தெருவில் போன அந்தோணி வாசலில் நின்றார். "என்ன சத்தம் அது?"

"பிள்ளைங்க" என்றாள் அவள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஜெபமணி டீச்சர் வந்தார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பேச்சியம்மாள் ஒலியைக் கூட்டி வைத்தாள். அங்கே யாரோ திரையை அணைக்கும் வரை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.