சுண்ணாம்புப் பசி

இறால்கள் அன்றும் தீனியைத் தொடவில்லை.

சுபாஜினி தொட்டியின் முன் குந்தியிருந்து பார்த்தாள். காலையில் போட்ட கீரைத் துண்டு மணலில் வெளிறிக் கிடந்தது. ஆறு வருடமாய் அப்பா வளர்த்த பாசியும் புல்லும் கொடியும் தண்ணீருக்குள் ஒரு தோட்டமாய் அசைந்தன. மேய அவ்வளவு இருந்தும், இறால்கள் அத்தனையும் மூலையில் அவள் வைத்த வெள்ளைக் கற்களின்மேல் அப்பிக்கொண்டு, ஊசிமுனை போன்ற முன்கால்களால் ஓயாமல் சுரண்டிச் சுரண்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தன. காற்றுக் குழாயை நிறுத்தினால் அந்தச் சத்தம் கேட்டது. அடுத்த அறையில் யாரோ நகத்தால் சுவரைக் கீறுவதுபோல.

அப்பா நடராசா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தொட்டியின் மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. பிறகு அவரும் போனார். கொக்குவில் வீட்டின் ஹோலில் அந்தத் தோட்டம் உயிரில்லாமல் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், செத்தவீடு முடிந்த கையோடு, சுபாஜினி ரவுனுக்குப் போய்ச் சிவப்பு இறால்கள் வாங்கிவந்தாள். கடைக்காரர் சொன்னபடி பையை மிதக்கவிட்டாள். மெல்லிய ரியூப்பில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய் இறக்கி அவற்றைப் பழக்கினாள்.

"கிணத்துத் தண்ணியோ, மழைத்தண்ணியோ?" என்று கடைக்காரர் கேட்டிருந்தார்.

"மழைத்தண்ணி. செடிக்கு நல்லதெண்டு அப்பா அதுதான் விடுறவர்."

"அப்ப இறாலுக்கு ஓடு வைக்காது, தங்கச்சி. கடற்கரையிலை கிடக்குமே வெள்ளைப் பவளக் கல்லு, முருகைக்கல், அதிலை ரெண்டு போடுங்கோ. சுண்ணாம்பு இல்லாட்டி உதுகள் தப்பாது."

அப்பா கடற்கரையில் பொறுக்கிய கல்லும் சிப்பியும் பின்பக்கக் கொட்டிலில் சட்டி சட்டியாய்க் கிடந்தன. துணியால் வாய் கட்டிய ஒரு மண்முட்டிக்குள், தூசி படிந்து, நல்ல வெள்ளையாய், சிறு துளைகளோடு, கைக்கு இலேசான துண்டுகள் இருந்தன. சிலதை எடுத்துக் கழுவிப் போட்டாள்.

முதலில் நிறம் போனது. சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகி, பிறகு எல்லாமே ஒரே வெள்ளையாயின. ஒருநாள் ஒன்று செத்துக் கிடப்பதாக நினைத்து எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மீசையும் காலும் கண்ணும் அப்படியே இருக்க, கண்ணாடிபோல் ஒரு வெற்று ஓடு. கடைக்காரருக்குப் போன் பண்ணினாள்.

"ஓடு கழட்டியிருக்கு. பயப்பிடாதேங்கோ. புது ஓடு இறுகுமட்டும் மெத்தெண்டு இருக்கும். அந்த நேரம்தான் சுண்ணாம்புக்கு அலையுங்கள்."

அம்மா கமலாவதி நாள் முழுக்கத் தொட்டியின் முன் கதிரையில் இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. "கொப்பர் இன்னும் போகேல்லை, பிள்ளை," என்று அப்பாவைச் சொல்வாள். "பக்கத்திலை நிண்டு வா வா எண்டுறார்." முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தால் அம்மா தேறிவிடுவா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்கு அப்பாவின் எலும்பும் சாம்பலும் கீரிமலைக் கடலில் கரையும். அவர் தன் வழியில் போய்விடுவார். அம்மா இவர்களுக்கு மிஞ்சுவாள். சுபாஜினி அந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி பிரவீணன் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"செத்தவீட்டுத் துடக்கிலை மீன் மச்சம் காய்ச்சக் கூடாதெண்டு உயிரோடை வைச்சிருக்கிறியோ அக்கா? பொரிச்சால் ஒரு வாய்க்குக் காணாது."

"வாயைப் பொத்து. அம்மா படுத்திருக்கிறா."

அவன் கொட்டிலுக்குப் போனான். திரும்பி வந்தபோது சிரிப்பில்லை.

"முட்டியை ஆர் அவிட்டது?"

"நான்தான். தொட்டிக்கு முருகைக்கல் எடுத்தனான்."

"எந்த முட்டி?"

"துணி கட்டினது."

பிரவீணன் தொட்டியைப் பார்த்தான். "அக்கா... அது அப்பா. காடாத்தண்டு சுடலையிலை நான் அள்ளிக்கொண்டு வந்த எலும்பு. அம்மாவின்ரை கண்ணிலை படக்கூடாதெண்டு அங்கை வைச்சனான்."

சுபாஜினியின் குரல் கீச்சிட்டது. "எலும்பு அப்பிடி இருக்குமெண்டு எனக்கு ஆர் காட்டினது? பொம்பிளையளெண்டு எங்களை வீட்டுப் படலையோடை நிப்பாட்டிப்போட்டு நீங்கள்தானே சுடலைக்குப் போனனீங்கள்!"

தொட்டிக்குள் கையை விட்டாள். மூலையைத் துழாவினாள். மணல். பாசி. வேர்.

எலும்பு இல்லை. ஒரு துணுக்குக்கூட இல்லை.

வெள்ளை இறால்கள் விலகி நின்று பார்த்தன. வாங்கிவந்தவற்றைவிட எத்தனையோ மடங்கு பெருகியிருந்தன. அவற்றின் ஓட்டில் சிறு துளைகள் இருந்தன.

"எல்லாத்தையும் பிடி," என்றான் பிரவீணன். "முட்டிக்குள்ளை போடு. அவரோடை போகட்டும்."

வலையை இறக்கினாள். இறால் என்றால் சிதறி ஓடும். இவை ஓடவில்லை. வரிசையாய் வந்து வலைக்குள் ஏறின. சாம்பல்மேல் தண்ணீர் பட்டு ஈரச் சுடலை மணம் எழுந்தது. பிரவீணன் துணியை இறுக்கிக் கட்டி, முட்டியைத் திரும்பக் கொட்டிலில் வைத்தான். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

விடிந்ததும் அவன் சொந்தக்காரருடன் கீரிமலைக்குப் போனான். மழை விடவில்லை. சுபாஜினி குசினியில் படையலுக்குக் காய் நறுக்கினாள். அம்மா இன்றைக்கு எழுந்து முகம் கழுவி, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தது அவளுக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது. முடிந்தது. எல்லாம் முடிந்தது.

போன் அடித்தது. கடலின் இரைச்சலுக்குள் பிரவீணனின் குரல்.

"அக்கா, முட்டியை அவிட்டனான். இறால் இல்லை."

"செத்துப்போச்சோ?"

"இல்லை. வெறும் ஓடு. முட்டி நிறைய ஓடு. எல்லாம் கழட்டிப்போட்டுப் போயிருக்குதுகள். எங்கை போனதுகள் அக்கா?"

சுபாஜினி கத்தியை வைத்தாள்.

ஹோலுக்குள் காற்றுக் குழாயின் சத்தம் இல்லை. யாரோ நிறுத்தியிருந்தார்கள். பின்கதவிலிருந்து தொட்டிவரை நிலத்தில் ஈரக்கோடு. நூல்போல மெல்லியது. நடுவில் எங்கும் அறாத கோடு.

அம்மா கதிரையில் முதுகு காட்டி இருந்தாள். ஒரு கை முழங்கைவரை தண்ணீருக்குள்.

"அம்மா. கையை எடுங்கோ."

"மெல்லமாய்க் கதை, பிள்ளை. கொப்பர் பிடிச்சிருக்கிறார்."

"அம்மா!"

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. மிக இலகுவாய் வந்தது. இரத்தமில்லை. காயமில்லை. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. தொட்டி விளிம்பில், மூட்டே இல்லாத இடத்தில் கை மடிந்தது. உள்ளே எலும்பில்லாமல், ஈரத் துணிபோல வெளியே தொங்கியது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. தண்ணீர் மட்டும் வடிந்தது.

அம்மாவின் முகத்தில் வலி இல்லை. வெட்கப்பட்டதுபோல் ஒரு சிரிப்பு.

தண்ணீருக்குள், பாசியின் நடுவில், இன்னும் ஒரு கை இருந்தது. வெள்ளைக் கை. இறால்கள் காலோடு கால் கோத்து, முதுகோடு முதுகு ஒட்டி, ஓர் ஆணின் அகன்ற கையாகியிருந்தன. அது இறுகிக்கொண்டிருந்தது. விரல்கள் மெல்ல மடிந்தன. நிமிர்ந்தன.

சுபாஜினி கத்த வாயைத் திறந்தாள்.

அம்மா மற்றக் கையையும் தண்ணீருக்குள் விட்டாள்.