மாற்றிப் போட்ட காப்பு

ஏழாம் நீரேற்று நிலையத்துப் பெண்கள் வேலைக்கு இறங்குமுன் கைக்காப்பைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவார்கள். பெயரும் உடல்நிலையும் பதிந்த காப்பு அது. கழற்றக் கூடாதென்பது விதி. ஆனால் உப்புத்தண்ணீர் அதை அரித்துவிடும். தூத்துக்குடிக்குக் கடல்மதில் கட்டிய நாளிலிருந்தே ஆணிப் பழக்கம் நடந்துவந்தது.

ஆண்டுக்கொரு முறை காப்பைக் காட்டித் திறக்கிற கழிப்பறைக்குள் போய் வர வேண்டும். அங்கே மலத்தைச் சோதிக்கிற மலநோக்கி இருந்தது. ஜனங்கள் அதை ஒற்றைக்கண்ணன் என்றார்கள். குடலில் புற்று முளைவிடும்போதே அது கண்டுபிடித்துவிடும். காப்பில் பச்சை விழுந்தவர்தான் கடலுக்குள் தள்ளி இருந்த, மருத்துவர் இல்லாத வெளிமதிலுக்குப் படகு ஏறலாம்.

நிலையத்தில் வேலை செய்த சலேத்தின் மகள் அங்கே நிறைமாதமாக இருந்தாள். தாயும் மகளும் பார்த்து இரண்டு வருடம். வெள்ளிக்கிழமைப் படகை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். சலேத்துக்கோ மூலம், இரத்தம் பட்டால் சிவப்பு விழுமென்று பயந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்த இன்னாசியம்மா, ஆணியிலிருந்து சலேத்தின் காப்பை எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குள் போய் வந்தாள். தோழிக்கு ஒரு சின்ன உதவி.

செவ்வாய்க்கிழமை அந்தக் காப்பில் சிவப்பு விழுந்தது.

மருத்துவமனைத் தாதி பேச்சிமுத்து பதறாமல் விளக்கினாள். வெறும் இரத்தமென்றால் மூலமென்று விட்டுவிடலாம், கெட்டுப்போன செல்லின் தடமும் தெரிகிறது, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றாள். நாளைக்கே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லையென்றால் பொய் எச்சரிக்கை என்று எழுதிப் பச்சை கொடுத்துவிடுவார்கள். படகையும் பிடித்துவிடலாம்.

அந்தச் சிவப்பு தன் குடலுக்கு விழுந்ததல்ல என்று சலேத்துக்குத் தெரியும். அன்று மாலை இன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னாசி கொஞ்ச நேரம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒத்தக்கண்ணன் பேச்சக் கேட்டு மூஞ்சியத் தொங்கப் போடாதளா. நாளைக்குப் போயி நல்லாருக்கேன்னு எழுதி வாங்கிட்டுப் படகுல ஏறு. என் முறை பத்து மாசத்துல வருது, அப்பப் பாத்துக்கிடலாம்."

"பத்து மாசமா?"

"ஒன் பேரப்பிள்ள காத்திருக்குமாளா?"

"ஒன் வயித்துல இருக்கது காத்திருக்குமா?"

காப்பு மாற்றியது தெரிந்தால் சலேத்துக்கு இரண்டு வருடம் வெளிமதில் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று இன்னாசி தோழியின் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாள். சலேத் கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் சலேத்தைப் படுக்க வைத்துவிட்டுப் பேச்சிமுத்து மயக்க ஊசியை எடுத்தாள். ஊசி ஏறிவிட்டால் பேச முடியாது. எழுந்தால் பச்சை. மகள் முகம். கண்ணை மூடியபோது, கிரீஸைத் துடைக்கிற இன்னாசியின் கைதான் தெரிந்தது.

"ஊசி போடாதீங்கம்மா," என்றாள். "அந்த மலம் என்னோடது இல்ல."

பேச்சிமுத்து கேட்டு முடித்தாள். ஊசியை வைத்துவிட்டு, தான் இதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள். பிறகு சலேத் இறங்க வேண்டிய கட்டிலைப் பார்த்தாள்.

"வேற கட்டில் கிடைக்க ஒரு மாசம் ஆவும். பதிவு சாயங்காலம் பண்ணுதேன். அதுக்குள்ள அவங்கள இந்தக் கட்டிலுக்குக் கூட்டிட்டு வந்துருங்கக்கா."

இன்னாசி திட்டிக்கொண்டேதான் வந்தாள். அவள் குடலில் சுண்டைக்காய் அளவு கட்டி இருந்தது. வேர் இன்னும் வெளியே ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சலேத்தின் இடத்தில் படகு ஏறிய பெண், அவள் மகளின் பேறுகாலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த மருந்துப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தன் கையாலேயே கிண்டிக் கொடுப்பதாகச் சொன்னாள்.

படகின் சங்கு ஊதியபோது சலேத் அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகுமுன் இன்னாசி கழற்றிக் கொடுத்த காப்பு அவளிடம் இருந்தது. அதை அவள் கையில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னாசி வெளியே வரும்வரை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டாள்.