ஒன்பதாவது குழு

ஒன்பதாவது குழு மறுபடி வந்திருந்தது.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். அறையில், மதியம் பன்னிரண்டரைக்கு, ஏசியின் உறுமலும் கீழே பிரஸ் மெஷின் விழுந்து விழுந்து எழும் அதிர்வும் மேஜை வழியாக சௌமியாவின் முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தன. திரையில் ஓடும் புரோகிராமை எழுதியது அவள்தான். கேன்டீன் வாசலில் யாருக்கு அடுத்து யார் கார்டு காட்டுகிறார்கள் என்று அது பார்க்கும். ஒவ்வொருவரையும் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வைத்துப் பார்க்கும். குழுக்களின் ஒட்டுதலுக்கு அது போடும் மதிப்பெண் ஏறினால் அங்கேயே விட்டுவிடும். இனி யாரை நகர்த்தினாலும் ஏறாது என்னும்போது நிற்கும். யார் யாரோடு ஒட்டு என்பது அப்போது தெரிந்துவிடும்.

போன மாதம் ஒன்பதாவது குழுவில் எட்டுப் பேர். ஏழு பேர், வேலை நிரந்தரம் கேட்டு மனு எழுதிய கான்ட்ராக்ட் ஆட்கள். எட்டாவது சௌமியா. தினமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவள், மனுவை டைப் செய்து கொடுத்தவளும் அவளே. மனுவுக்குப் பின்னால் யார் யார் என்று கேட்ட மேனேஜர் ராஜ்குமாருக்கு லிஸ்டை அனுப்பும் முன் தன் வரியை மட்டும் அழித்தாள்.

ஏழு பேரையும் போச்சம்பள்ளி ஆலைக்கு மாற்றினார்கள். முதல் நாளே அவர்கள் போன வேன், நின்றிருந்த லாரியில் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை. சௌமியாவோடு ஒரே ரூமில் இருந்த லாவண்யாவும்தான். பெட்டியை எடுக்க வந்த அவள் அம்மா, "நீயாச்சும் எம் புள்ளைக்குத் தொணையா இருந்தியே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

இப்போது திரையில் அதே ஏழு பெயர்கள். முடக்கிய கார்டுகள். தேதி, இன்று. கடைசியில் சௌமியா.

அவள் இன்னும் சாப்பிடவே போகவில்லை.

ராஜ்குமார் எட்டிப் பார்த்தார். "இந்த மாச லிஸ்ட் ஆச்சாம்மா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

தன் பெயரை ஆபீஸ்காரர்கள் குழுவுக்கு நகர்த்தினாள். மதிப்பெண் இறங்கியது. வேறொரு குழு. இன்னும் இறங்கியது. ஏசிக் காற்றில் டீசல் வாடை. சொல்லிவிடலாம். நானும் அதில் இருந்தேன் சார், நான்தான் மறைத்தேன். நாக்கு வரை வந்தது.

தன் வரியை அழித்தாள். இரண்டாவது தடவை. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது?

"அனுப்பிட்டேன் சார்."

அவர் நேராக அவள் முகத்தைப் பார்த்தார். பக்கத்து சீட் பிரவீனாவிடம் கேட்டார்: "இந்த சீட்டு எப்பலேர்ந்து காலியா கெடக்குது?"

"நான் சேந்ததுலேர்ந்தே சார்."

சௌமியா எழுந்தாள். நாற்காலி சத்தம் போட்டது. யாரும் திரும்பவில்லை.

படி இறங்கினாள். ஓடினாள். கேன்டீன் வாசலில் கார்டைக் காட்டினாள். விளக்கு எரியவில்லை. உள்ளே இருநூறு பேர். தட்டுச் சத்தம். சாம்பார் மணம். அடியில் டீசல். "அண்ணா" என்றாள். சோறு போடுகிறவர் அவளைத் தாண்டிக் கரண்டியை நீட்டினார்.

யாரும் நிமிரவில்லை.

மூலை மேஜையில் ஏழு பேர் நிமிர்ந்தார்கள்.

ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. லாவண்யா சிரித்தாள். நெற்றி முழுக்கக் கண்ணாடித் தூள்.

"வாக்கா. ஒனக்குத்தான் எடம் புடிச்சு வெச்சிருக்கோம்."

ஏழு பேரும் நகர்ந்தார்கள். லாவண்யா துப்பட்டா நுனியால் பெஞ்சைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது சிவந்துகொண்டே வந்தது.