பேஸ் டிரம்முக்குள் எரிந்த விளக்கு

"யாருமே அடிக்கலையேப்பா, அப்புறம் அது யாருக்குப் பதில் சொல்லுது?"

பழைய டிரம்களைப் புதுப்பித்து விற்கும் ஹார்லன் வோஸின் மகள் ஐந்து வயதில் ஒருநாள் இப்படிக் கேட்டாள். வீட்டுத் தரைக்குக் கீழே இருந்த கீழ்த்தளப் பட்டறையில், அவள் குரலுக்குத் தானாகவே சிணுங்கிய ஸ்னேர் டிரம்மைக் காட்டிக் கேட்டாள். அவர் அவளைத் தூக்கி, டிரம்மின் அடித்தோலோடு ஒட்டி இழுத்துக் கட்டியிருந்த மெல்லிய கம்பிகளைக் காட்டினார். அறையில் யார் பேசினாலும் இருமினாலும் காற்று அதிரும், கம்பிகள் தோலில் உரசும், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்தப் பதில் இருபத்துமூன்று ஆண்டுகளாக அவருக்கும் போதுமானதாக இருந்தது.

இந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அது போதவில்லை.

அறையில் யாரும் பேசவில்லை. ஏரிப்பக்கமிருந்து காலையில் தொடங்கிய பனி கீழ்த்தளத்தின் ஒரே சன்னலையும் மூடியிருந்தது. வெந்நீர்க் கொதிகலன் ஓய்ந்திருந்தது, தெருவில் ஒரு வண்டி இல்லை. பழைய வார்னிஷும் ஈரக் கம்பளமும் கலந்த வாசனையில், மேசை விளக்கின் கீழ், அவர் கையில் இருந்த துணி ஒரு திருகாணியின் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான்கடி தள்ளி ஸ்னேர் சிணுங்கியது, ஒரு நீண்ட வாக்கியத்தின் அளவுக்கு. பிறகு நின்றது, பதிலுக்குக் காத்திருப்பவர் நிறுத்துவதுபோல. பிறகு மறுபடியும்.

அந்த ஸ்னேரோடு சேர்ந்த பழைய டிரம் செட்டை அவர் சனிக்கிழமைதான் வாங்கி வந்தார்.

பென்ட்டன் ஹார்பரில் ஒரு சின்ன மர வீடு. விற்றவர் ஆர்லீதா டில்லார்ட் அம்மாள், எண்பத்துநான்கு வயது. அடுத்த நாள் முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார். கூடத்தில் பாதிப் பொருள்கள் பெட்டிக்குள் போய்விட்டன.

"காலைத் தொடைச்சிட்டு வா மகனே. பனியை வெளியவே விட்டுரு, அதுக்கு நான் காபி போடல."

மூலையில் அது நின்றது. செங்குத்தாக நிறுத்திய இருபத்தெட்டு அங்குல பேஸ் டிரம், ஸ்னேர், டாம்டாம் என்ற ஒரு சின்ன மேளம், சிம்பல் என்ற ஒரு பித்தளைத் தட்டு. பேஸ் டிரம்மின் முன்தோலில் ஓர் ஏரியும் நிலவும் பைன் மரங்களும் வரைந்திருந்தன. உள்ளே ஒரு பல்பு எரிந்ததால் பட்டப்பகலில் அந்த நிலவு மட்டும் மஞ்சளாகக் காய்ந்தது. ஹார்லன் மண்டியிட்டார். பித்தளைத் தகடு, அதிலிருந்த எண், மர வளையம், திருகுகளின் வடிவம் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன வயசு இருக்கும், சொல்லு பாப்போம்."

"டிரம்முக்காம்மா?"

"பின்ன எனக்கா? என் வயசைச் சொன்னா வெளிய தள்ளிருவேன்."

ஹார்லன் சிரித்தார். "சிகாகோ வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, இல்லன்னா இருபத்தொம்பது. உள்ள முத்திரை குத்தியிருப்பாங்க. தோலைக் கழட்டிப் பாத்தாத்தான் அடிச்சுச் சொல்ல முடியும்."

"கழட்டிப் பாத்துக்க. விளக்கை மட்டும் அணைச்சிராத."

அது அந்தக் காலத்து வழக்கம். கன்றுத்தோல் ஈரக்காற்றில் தளர்ந்துபோகும், அதனால் வாசிப்பவர்கள் பேஸ் டிரம்முக்குள் பல்பு மாட்டி அதைக் காயவைப்பார்கள். இப்போது எவரும் அப்படிச் செய்வதில்லை. ஹார்லன் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார்.

"தோலுக்காகச் சொல்லல," என்றார் அம்மாள். "எங்க வீட்டுக்காரரு எமெட்டுக்காக. கொரியா சண்டையில மண்ணு சரிஞ்சு ஒரு குழிக்குள்ள நாலு நாள் கெடந்தாரு. கூட இருந்த மூணு பேரும் செத்துட்டாங்க. திரும்பி வந்ததுல இருந்து அவருக்கு இருட்டு ஆகாது. ராத்திரி எந்திரிச்சு வந்து இது பக்கத்துல உக்காந்துக்குவாரு. அவரு போயி பதினோரு வருஷம் ஆச்சு. நான் ஒரு நாள் அணைச்சதில்ல."

"இதை இல்லத்துக்குக் கொண்டு போக முடியாதாம்மா?"

"ஒரு பிளக்குதான் குடுக்குறாங்க மகனே. அதுல என் மூச்சு மிஷினை மாட்டணும். நான் மூச்சு விடணுமா, அவரு வெளிச்சத்துல இருக்கணுமான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"நான் அணைக்க மாட்டேன்மா," என்றார் ஹார்லன். கதவைத் திறந்து பிடித்தவருக்கு நன்றி சொல்வதுபோல அவ்வளவு லேசாகச் சொன்னார். பெரிய வாக்குகளைக் கொடுக்கும்போது மனிதன் கொஞ்சம் யோசிக்கிறான், சின்னவற்றுக்கு நாக்கு மட்டும் போதும். வேனில் பிளக் மாட்டி, பல்பு எரிவதைப் பார்த்த பிறகுதான் அம்மாள் கதவைச் சாத்தினார்.

நான்கு நாள் அவர் வாக்கைக் காப்பாற்றினார். புதன்கிழமை பேஸ் டிரம்மின் தோலைக் கழற்றினார். துணி சுற்றிய பழைய ஒயர் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. தீப்பிடித்தால் வீடே போகும். தொழிலின் முதல் பாடமும் அவருக்கு நினைவிருந்தது: தொழிற்சாலை மாட்டாததை எடுத்துவிடு. ஒயரை வெட்டினார், பல்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுச் சீட்டு ஒட்டினார். டார்ச் அடித்து முத்திரையைத் தேடினார். சிவப்பு மையில், மங்காமல், 1929 மார்ச் 14. எதுவும் மாற்றப்படாத செட். பல ஆண்டுகளில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. உட்புறத்தின் அடிப்பக்கத்தில் மரம் பளபளவென்று தேய்ந்திருந்தது, பல ஆண்டுகள் ஆள் உட்கார்ந்த பலகைபோல. அதற்கு முன்னால் இரண்டு சின்னப் பள்ளங்கள், குதிகால் அகலத்தில். நோட்டில் 'தேய்மானம், காரணம் தெரியவில்லை' என்று எழுதி, தோலை மறுபடி மாட்டிப் பத்துத் திருகுகளையும் முறுக்கினார்.

மறுநாளே இது.

ஹார்லன் எழுந்துபோய் ஸ்னேரின் லீவரைத் தட்டினார். கம்பிகள் தோலைவிட்டு இறங்கின. அமைதி. அவர் மூச்சுவிட்டார். அப்போது சிம்பல் மிக மெல்லியதாக, ஈரக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்ததுபோல முனகத் தொடங்கியது. அதன் விளிம்பைப் பிடித்தார். அது நின்றது. உடனே டாம்டாம். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். தோலுக்கடியில் ஓர் அதிர்வு, நெஞ்சில் சளி கட்டிய குழந்தையின் முதுகுபோல. அதுவும் ஓய்ந்தது. கடைசியாகப் பேஸ் டிரம். அது காதுக்குக் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. அதன் முன்தோல் ஒரே நாளில் தளர்ந்திருந்தது, வரைந்த ஏரியில் சுருக்கம் விழுந்திருந்தது. அந்தச் சுருக்கங்கள் மெல்ல உள்ளே போய் மெல்ல வெளியே வந்தன.

அவர் ஸ்னேரின் லீவரைத் தானே மேலே தட்டினார். அதன் சிணுங்கலையாவது தாங்க முடிந்தது.

சுவர் பிளக்கில் மாட்டியிருந்த கம்பியில்லாத் தொலைபேசி அடித்தது. மனைவி நோரீன், வேலை பார்க்கும் மருத்துவமனையிலிருந்து.

"ரோட்டை மூடிட்டாங்க. இன்னிக்கு நான் இங்கதான். ஃப்ரிட்ஜுல சூப் இருக்கு. மொதல்ல டிரம்முக்கு ஊட்டிட்டு அப்புறம் நீயும் குடி."

"நோரீன்..."

"என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பத்திரமா இரு."

அவர் பேசி முடிக்கும்வரை ஸ்னேர் மூச்சுக்காட்டவில்லை. போனை வைத்ததும் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"விளக்கு எரியுதா மகனே?"

ஆர்லீதா அம்மாள். பின்னால் அவருடைய மூச்சு இயந்திரம் உஸ்ஸென்று இழுத்துவிடும் சத்தம்.

"எரியுதும்மா."

அந்தச் சொல் வாயைவிட்டுப் போனதுமே ஸ்னேர் உரக்கச் சிணுங்கியது. நிற்கவில்லை. கம்பிகள் விட்டுவிட்டுத் துடித்தன.

மறுமுனையில் இயந்திரம் இரண்டு முறை இழுத்தது.

"அப்புறம் ஏன் அழுவுறாரு?"

ஒயர் வெடித்திருந்தது என்று சொல்லலாம். தீப்பிடித்திருக்கும் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான்.

"போனை அவருகிட்ட கொண்டு போ," என்றார் அம்மாள். அந்தக் குரலில் கோபமில்லை, அதுதான் ஹார்லனைச் சுட்டது. அவர் தூக்கத்தில் நடப்பவர்போல நடந்து, தொலைபேசியைப் பேஸ் டிரம்மின் தோலருகே பிடித்தார். அதிலிருந்து சின்னதாக, தகரத்தில் உரசியதுபோல, அம்மாளின் குரல் வந்தது.

"எமெட்டு. நான்தான். அழாதீங்க. அந்த மகன் நல்லவன். இப்ப வெளிச்சம் கொண்டு வருவான். இதோ வந்துருவான்..."

மின்சாரம் போனது.

மேசை விளக்கு. தொலைபேசி. அம்மாளின் குரல். எல்லாம் ஒரே நொடியில்.

அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார், மூடியதுபோலவே இருந்தது. மண் வாசனை வந்தது. வார்னிஷ் இல்லை, கம்பளம் இல்லை. புதிதாகத் தோண்டிய ஈரமண்.

கையை நீட்டி நடந்தார். முழங்காலில் ஏதோ இடித்தது. படிகள். கைப்பிடி. ஏறினார். சமையலறைச் சன்னலில் பனியின் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. இழுப்பறையைத் துழாவி டார்ச்சை எடுத்தார். வெளிக்கதவு எட்டடியில் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் கட்டாயம் உள்ளே விடுவார். காலைவரை அங்கேயே இருக்கலாம். அவர் கை கதவுப்பிடியில் இருந்தது.

கால்களுக்கடியில் தரைப்பலகை நடுங்கியது. கீழிருந்து. விட்டுவிட்டு.

நாலு நாள்.

"கர்த்தாவே, என்னால முடியாது," என்று அவர் சத்தமாகச் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே கால்கள் திரும்பின. பயம் போய்விடவில்லை. ஆனால் இருட்டில் அழுபவரின் சத்தம் காதில் விழுந்துவிட்ட பிறகு, விழாததுபோல இருக்க அவருக்குத் தெரியவில்லை.

டார்ச்சின் வட்டத்தில் ஏரி நடுங்கியது. அவர் மண்டியிட்டார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டார். முதல் திருகு. இரண்டாவது. விரல் வழுக்கியது. மூன்று. நான்கு. தோல் உள்ளே போனது. வெளியே வந்தது. ஐந்து. ஆறு. ஏழாவதைத் தொடும்போது வளையம் தானாக விலகியது. ஒரு கை நுழையும் அளவு. மண் வாசனை முகத்தில் அடித்தது.

அவர் உள்ளே பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். டார்ச்சை உள்ளே விட்டார். மணிக்கட்டுவரை. முழங்கைவரை. அடிமரத்தில் மெல்ல வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடலாம் என்று.

அடிமரத்தைத் தொடுவதற்கு முன் அதை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

விரல்கள். குளிர்ந்தவை. ஈரமண் ஒட்டியவை. பிடுங்கவில்லை, அவர் கை விடும்வரை பொறுத்து வாங்கின. அவர் விரல்களைவிட அதிகமாக அவை நடுங்கின.

அவர் கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தார். வளையம் உள்ளிருந்து இழுபட்டுப் பொருந்தியது.

ஸ்னேர் ஓய்ந்தது.

ஏரியின்மேல் நிலவு எரிந்தது. நடந்ததைப் பார்க்க எவரும் இல்லை. அம்மாளிடம் சொல்லத் தொலைபேசியும் இல்லை. ஆனால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. ஹார்லன் நெஞ்சில் கைவைத்தபடி, எழ முடியாமல், தரையில் கிடந்தார்.

அப்புறம்தான் நிழல் தெரிந்தது. பைன் மரங்களுக்குப் பின்னால். ஒரு முழு மனிதன். முழங்கால் நெஞ்சோடு. தலை குனிந்து. வெளிச்சத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

டார்ச்சில் பழைய பேட்டரி. நிலவு மஞ்சளாகியது. பிறகு பழுப்பு.

நிழல் தலையைத் தூக்கியது. அவர் பக்கம் திரும்பியது. பிறகு, பேருந்தில் வயதானவருக்கு இடம் விடுபவர்போல, மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கியது. வட்டத்தில் பாதி காலியானது.

ஒரு கையை எடுத்து அந்தக் காலி இடத்தைத் தட்டியது.

டம்.

காத்திருந்தது.

டம்.