வயிற்றெரிச்சல் – செய்முறை

நிலவுப் பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் பல் துலக்கியதும் எல்லாரும் தொப்புளை ஒரு தட்டுத் தட்டுவார்கள். அங்கே பதித்திருக்கும் குளிர்வில்லை ‘உய்ங்’ என்று சிணுங்கி, எதிர்வீட்டுக்காரர் மேல் மூண்ட பொறாமையைச் சொட்டு விடாமல் உறிஞ்சிவிடும். பிறகுதான் காபி.

வில்லையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஆளவந்தார், வயிற்றெரிச்சல் ஒழிப்பு ஆய்வு மையத்தின் இயக்குநர். நிலவிலேயே வில்லை பதிக்காத ஒரே வயிறு அவருடையது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வயிறு ஒன்று வேண்டும் என்பது ஆய்வு விதி. தமக்கு வில்லை தேவையே இல்லை என்பது அவருடைய சொந்த முடிவு.

அந்த வயிறுதான் இப்போது திகுதிகுவென்று எரிந்தது. அடுத்த கட்டடத்தில் பூங்கோதை அம்மாள் நடத்தும் மக்கள் கல்வி வகுப்புக்கு நிலவே திரண்டு வந்தது. தரையில் இடம் கிடைக்காதவர்கள் கூரைக் கம்பியில் கால் கோத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குறிப்பெடுத்தார்கள். ஆளவந்தாரின் கருத்தரங்குக்கோ அவரும், தகரம் என்கிற அவருடைய ரோபோவும்தான். தகரமும் பாதியில் சார்ஜ் ஏற்றப் போய்விடும்.

புதிதாகக் கட்டிய பெரிய அரங்கம் இருவரில் யாருக்கு என்று துணைவேந்தர் அன்று மாலை அறிவிக்கப்போகிறார்.

“அப்படி என்னத்தைத்தான் சொல்லிக்கொடுக்குது அந்தம்மா?”

“போய்ப் பாத்துட்டு வாங்களேன் சார். நான் போனா திரும்பி வரமாட்டேன்,” என்றது தகரம்.

ஒட்டுத்தாடியோடு கடைசி வரிசையில் நுழைந்தார் ஆளவந்தார். பலகையில் பாடத்தின் பெயர் இருந்தது: ‘வயிற்றெரிச்சல் – செய்முறை.’

“வில்லை வந்ததிலேர்ந்து கல்யாணத்துல யார் நகையையும் யாரும் பாக்கறதில்ல. பேச விஷயமே இல்லாம போச்சு,” என்றார் பூங்கோதை அம்மாள். “வில்லையை அணைச்சாச்சா? ரெஜினா, பக்கத்து வீட்ல புது ராக்கெட் வாங்கியிருக்காங்க. என்ன தோணுது?”

“சந்தோஷமா இருக்கு மேடம்,” என்றாள் ரெஜினா, அழாத குறையாக.

“பழக்கம் விட்டுப்போச்சு. நானே புத்தகத்துல படிச்சதோட சரி.”

ஆளவந்தாரால் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்தவர் கூரையில் போய் முட்டினார். தாடி தனியாக மிதந்தது.

“இது ஒரு படிப்பா? ராப்பகலா உழைச்சவன் நான்! என் பக்கம் ஈ காக்கா இல்ல, உங்களுக்கு மட்டும் தொங்கறதுக்குக்கூட ஆளா?”

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அப்புறம் கட்டடம் அதிரக் கைதட்டல்.

“நிஜ வயிறு! எரியுது, எரியுது!” என்று கூவியபடி ஆளாளுக்கு அவர் வயிற்றில் கை வைத்துக் குளிர்காய்ந்தார்கள்.

கேள்விப்பட்ட துணைவேந்தர் அரங்கத்தை இருவருக்குமே கொடுத்தார். ஆளவந்தார் செய்முறைப் பேராசிரியர் ஆனார். திறப்பு விழாவில் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் வயிறு பனிக்கட்டியாகிவிட்டது. முகமெல்லாம் பல்.

“போச்சு! சாருக்கு அணைஞ்சுடுச்சு,” என்று மாணவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

துணைவேந்தர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். ஆளவந்தார் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாள் பொன்னாடையில் சரிகை இரண்டு விரல் அகலம் கூடுதல்.

“எனக்கு மட்டும் எதுக்கு ஒல்லிக் கரை?”

அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பூங்கோதை அம்மாள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“கரை கிடக்கட்டும். கைதட்டலெல்லாம் அவருக்கு மட்டும்தானா?”

“மேடம் பாஸ்!” என்று யாரோ கத்தினார்கள்.

முதல் வரிசையில் ரெஜினா வெடுக்கென்று எழுந்தாள். “அதெப்படி? எனக்கு முன்னாடி அவங்க எப்படிப் பாஸாகலாம்?”

அந்த ஆண்டுத் தேர்ச்சி நூற்றுக்கு நூறு.